மோல்டில் தெரியும் குறை எந்தக் கட்டத்தில் பிறந்தது?

ஃபைபர்கிளாஸ் மோல்டைப் பேட்டர்னிலிருந்து (அதன் மாதிரி உருவிலிருந்து) கழற்றியதும் மேற்பரப்பில் சுருக்கமோ துளையோ தெரிந்தால், பெரும்பாலான பட்டறைகளில் கை முதலில் போவது ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் பாட்டில் பக்கம்தான். அடுத்த மோல்டுக்குக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பார்கள். அதற்கடுத்ததற்குக் குறைத்துப் பார்ப்பார்கள். சில சமயம் குறை மறையவும் செய்யும். ஏன் மறைந்தது என்று தெரியாததால், வானிலை மாறிய ஒரு நாளில் மறுபடி வந்து நிற்கும்.

குறைக்குப் பெயர் தேடுவதற்கு முன் அது மோல்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுருக்கம் ஆழமான அடிப்பகுதியில் மட்டும் இருந்தால் ஒரு காரணம். பிரஷ் ஓடிய தடத்தில் கோடுகோடாக இருந்தால் வேறு காரணம். கலவையின் அளவில் தவறு என்றால் அது இடம் பார்த்து வராது, மோல்டு முழுக்க வரும். அளவு சரியாக இருந்து கலக்கியது போதவில்லை என்றால் திட்டுத்திட்டாக வரும். மூலைகளில் மட்டும் வருவது அநேகமாகக் கண்ணாடி இழை மேட்டைப் படுக்க வைத்த விதத்தின் கோளாறு. இந்த ஒரு பார்வையிலேயே பாதிக் காரணங்களைத் தள்ளிவிடலாம்.

இன்னொன்று, கழற்றிய கையோடு பேட்டர்னைக் கழுவிவிடாதீர்கள். பி.வி.ஏ. (ஒட்டாமலிருக்க வாக்ஸின் மேல் தெளிக்கும், நீரில் கரையும் பூச்சு) படலம் எங்கே கிழிந்திருக்கிறது, பெயிண்ட் எங்கே மங்கியிருக்கிறது, எங்கே ஜெல்கோட் (பேட்டர்னின் மேல் முதலில் அடிக்கும், மோல்டின் முகமாகும் ரெசின் பூச்சு) துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மோல்டில் இருக்கும் புடைப்புக்கு நேராகப் பேட்டர்னில் ஒரு பள்ளம் இருந்தால் அது ஜெல்கோட்டின் பிழையே அல்ல. பட்டி வேலையில் விட்ட குறை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, மார்க்கரால் வட்டமிட்டுப் படம் எடுத்த பிறகு கழுவலாம்.

கீழே சொல்வதெல்லாம் பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் ரெசின்களில் கையால் மேட் பரப்பிச் செய்யும் மோல்டுகளுக்கு. எபாக்சியின் கணக்கு வேறு. சாதாரண மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, ரெசினில் உள்ள ஸ்டைரீன் திரவத்தில் கரைந்துதான் மேட் வளைந்து கொடுக்கிறது. எபாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் அதே மேட் அட்டைபோல விறைத்தே நிற்கும்.

முதலைத்தோல்

ஜெல்கோட் முகம் முழுக்கச் சுருங்கி முதலைத்தோல்போல மடிப்பு மடிப்பாக நிற்பதுதான் புதியவர்களை அதிகம் கலங்க வைக்கும் குறை. நடப்பது இதுதான்: ஜெல்கோட் போதுமான அளவு இறுகாமல் இருக்கும்போது அதன் மேல் அடுத்த ரெசின் வருகிறது. அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் ஜெல்கோட்டுக்குள் ஊறி அதை உப்ப வைக்கிறது. பக்கவாட்டில் விரிய இடமில்லாத படலம் பேட்டர்னை விட்டு எழும்பி மடிகிறது.

அப்படியானால் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதுமே என்று தோன்றும். எல்லாச் சமயத்திலும் போதாது. ஈரமாக இருக்கும்போது 0.3 மி.மீ. தடிமனுக்குக் குறைவான ஜெல்கோட் தன் வினையில் பிறக்கும் சூட்டைப் பிடித்து வைக்க முடியாது. ஸ்டைரீனும் ஆவியாகிப் போய்விடும். எத்தனை மணி நேரம் விட்டாலும் அது முழுதாக இறுகாது. எனவே பிரஷ் தடத்தில் கோடுகோடாகச் சுருக்கம் வந்தால் சந்தேகிக்க வேண்டியது நேரத்தை அல்ல, தடிமனை.

மோல்டுக்கான ஜெல்கோட்டை இரண்டு கோட்டாக அடிப்பதே நல்லது. ஒவ்வொன்றும் ஈரத்தில் 0.4 முதல் 0.5 மி.மீ., மொத்தம் 0.8 முதல் 1 மி.மீ. பல்வெட்டு உள்ள ஈரப்படல கேஜ் இருந்தால் அங்கங்கே குத்திப் பார்க்கலாம். இல்லாவிட்டால் தராசு போதும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவும், டப்பாவிலும் பிரஷிலும் தங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வேண்டும். 2 சதுர மீட்டர் பேட்டர்னுக்கு 1.2 கிலோவில் வேலை முடிந்துவிட்டது என்றால் மிச்சம் பிடித்ததாக நினைக்க வேண்டாம். எங்கோ மெலிதாக ஓடியிருக்கிறது. இரண்டு கோட்டுக்கும் இரண்டு நிறம் வைத்துக்கொண்டால் விட்டுப்போன இடம் கண்ணுக்கே தெரியும். பின்னாளில் மோல்டைத் தேய்த்துத் தேய்த்து முதல் கோட் தீரும்போதும் தெரியும்.

முதல் கோட் பாதி இறுகிய நிலையில் இரண்டாவதை அடிப்பதும் இதே சுருக்கத்தைத் தரும். சுத்தமான விரலால், பிளாஞ்சு (மோல்டின் வெளிவிளிம்புப் பட்டை) ஓரத்தில் தடிமன் குறைவாக இருக்கும் ஓர் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக்கூடாது. 25 டிகிரி செல்சியஸில், 2 சதவீதம் கேட்டலிஸ்ட்டுக்கு இது ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம்வரை ஆகலாம். கடிகாரத்தைவிட விரலை நம்பலாம்.

பலரும் தவறவிடும் காரணம் ஒன்று உண்டு. ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. பேட்டர்னில் குழிவான பகுதி இருந்தால், தொட்டி போன்ற வடிவம் என்றால் இன்னும் அதிகமாக, ஆவி கீழே இறங்கி அங்கேயே தேங்கும். தேங்கிய ஆவிக்கு அடியில் உள்ள ஜெல்கோட் இறுகுவது தாமதமாகும். பிளாஞ்சு ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தவருக்கு எல்லாம் தயார் என்று தோன்றும், அடிப்பகுதியோ பச்சையாகவே இருக்கும். சுருக்கம் ஆழத்தில் மட்டும் வந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆவி வழிந்து வெளியேறும்படி பேட்டர்னைச் சாய்த்து வைக்கலாம். அல்லது மெல்லிய காற்றோட்டம் கொடுக்கலாம். ஃபேனை நேரே ஜெல்கோட்டின் மேல் அடிக்க வைத்தால் ஸ்டைரீன் மேற்பரப்பிலிருந்து பறந்து வேறு தொல்லை வரும். பக்கவாட்டில் திருப்பி வைத்தாலே போதும்.

மேட் போடும் முன்பே சுருக்கம் கண்ணில் பட்டால் தொடரக்கூடாது. உள்ளே மூடி மறைக்க முடியாத குறை இது. உரித்து, பேட்டர்னைச் சுத்தம் செய்து, வாக்ஸிலிருந்து தொடங்குவதுதான் செலவு குறைந்த வழி.

முன்கூட்டியே விடுபடுதல்

ஜெல்கோட் தானாகவே பேட்டர்னை விட்டு எழும்பிவிடுவது இன்னொன்று. மோல்டில் பார்த்தால் ஒரு தெளிவான எல்லைக்கோடு இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் பளபளப்பு சரியாகவும் இந்தப் பக்கம் பிம்பம் நெளிந்தும் இருக்கும். இறுகும்போது ஜெல்கோட் சுருங்குகிறது. அந்த இழுப்பு வாக்ஸின் பிடியை மீறும் இடத்தில் கிளம்பிவிடுகிறது. கேட்டலிஸ்ட் கூடிப்போனது, ஓரிடத்தில் தடிமனாகத் தேங்கியது, ஜெல்கோட் மட்டும் அடித்து இரவு முழுக்க விட்டது, ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டது, முதல் லேயர் மேட் அளவுக்கு மீறிச் சூடானது என்று காரணங்கள் பல. ஜெல்கோட் தயாரான அன்றே முதல் மெல்லிய லேயரைப் போட்டுவிட்டால் இவற்றில் பாதி வராது.

மூன்று வகைத் துளைகள்

துளை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது தவறு. பிரஷ் விலகிய சில நொடிகளில் ஜெல்கோட் ஒரு புள்ளியிலிருந்து வட்டமாக விலகி நின்றால் அது மீன்கண். பரப்பில் சிலிக்கோனோ எண்ணெயோ இருக்கிறது என்று பொருள். கார் பாலிஷ், கைக்கிரீம், கம்ப்ரசர் ஹோஸில் வரும் எண்ணெயும் நீரும் வழக்கமான குற்றவாளிகள். அதன் மேலேயே இன்னொரு தடவை பிரஷ் ஓட்டினால் மூடியதுபோல இருக்கும், அடியில் மெலிந்த புள்ளி நிற்கும். ஈரமாக இருக்கும்போதே மொத்தத்தையும் துடைத்தெடுத்துவிட வேண்டும். பி.வி.ஏ. தெளிக்கும்போதே அதுவும் இதேபோல விலகி நிற்கும். அந்த எச்சரிக்கையை மதித்தால் ஜெல்கோட் மிஞ்சும்.

ஊசித்துளை வேறு. அது ஜெல்கோட்டுக்குள்ளே சிக்கிய காற்று அல்லது வெளியேற முடியாத திரவம். ட்ரில்லில் கலக்கியை மாட்டி வேகமாகச் சுற்றினால் காற்று நுரையாக ஏறும். தட்டையான பட்டையால் சுவரையும் அடியையும் வழித்து மெதுவாக இரண்டு நிமிடம் கலக்கினால் போதும். ஜெல்கோட் கெட்டியாக இருக்கிறது என்று அசிட்டோன் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. அசிட்டோன் வினையில் சேராது, வெளியே வந்தாக வேண்டும். வரும் வழிதான் ஊசித்துளை. வராமல் உள்ளே தங்கிய பங்கு ஜெல்கோட்டை மென்மையாக்கும். பி.வி.ஏ. முழுதாகக் காயாமல் ஜெல்கோட் அடித்தாலும் இதே விளைவுதான்.

மூன்றாவது வகை கழற்றும்போது தெரியாது. ஜெல்கோட்டுக்கும் முதல் மேட்டுக்கும் நடுவில் உள்ள காற்றுப் பை அது. மோல்டின் முகம் பளபளவென்று இருக்கும். நாணயத்தால் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று ஓசை வரும். சில உருப்படிகள் எடுத்த பிறகு அந்த இடம் உடைந்து குழியாகும். பெரும்பாலும் மூலைகளில்தான் இருக்கும், ஏனென்றால் கண்ணாடி இழைக்கு விறைப்பு உண்டு. கூர்மையான விளிம்பில் அமுக்கிவிட்டாலும் கை எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும். பேட்டர்ன் செய்யும்போதே மூலைகளுக்குக் குறைந்தது 3 மி.மீ., முடிந்தால் 5 மி.மீ. வளைவு கொடுக்க வேண்டும். கூர்மை கட்டாயம் வேண்டும் என்றால் மேட்டுக்கு முன் மூலையைப் பேஸ்ட்டால் நிரப்ப வேண்டும்: ரெசின், அது வழியாமல் நிற்கும் அளவுக்கு ஃபியூம்டு சிலிக்கா, கூடவே 3 முதல் 6 மி.மீ. நீளத்துக்கு நறுக்கிய இழை. பேஸ்ட்டை விரல் வளைவில் வழித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே முதல் மேட்டைப் போடுங்கள். மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் பிசிராக இருக்கும். பிசிர் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படியும், வெட்டிய ஓரம் படிபோல நின்று அதன் அடியில் காற்றை வைத்துக்கொள்ளும்.

பேட்டர்னில் குழிந்த மூலைகளில் இதற்கு நேர்மாறான தொல்லை. அங்கே ஜெல்கோட் வழிந்து தேங்கி 2 மி.மீ. வரை போய்விடும். மோல்டில் அது வெளியே துருத்தும் விளிம்பாக வரும். இழையில்லாத தடித்த ஜெல்கோட் கண்ணாடிபோல நொறுங்கக்கூடியது, முதல் அடியிலேயே சில்லு பெயரும். அடித்த ஐந்து நிமிடத்துக்குள் காய்ந்த பிரஷ்ஷால் அந்தத் தேக்கத்தை இழுத்துப் பரப்பிவிட வேண்டும்.

முதல் லேயரோடு நிறுத்துவது

இத்தனைக்கும் நடுவில் நான் அதிகம் வற்புறுத்துவது ஒரே ஒரு நிறுத்தத்தை. ஜெல்கோட்டின் மேல் 30 கிராம் சர்ஃபேஸ் டிஷ்யூ (மெல்லிய இழைத் தாள்), அதன் மேல் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் ஒன்று. இரண்டையும் போட்டு, ரோலர் ஓட்டி, வேலையை அங்கேயே நிறுத்தி, மறுநாள்வரை இறுக விட வேண்டும். மறுநாள் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் காற்றுப் பைகள் வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொன்றையும் கத்தியால் கீறித் திறந்து, பேஸ்ட் வைத்து, 80 கிரேடு உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். எட்டு மி.மீ. தடிமன் ஏறிய பிறகு இந்த வாய்ப்பு கிடையாது. அவசரத்தில் இந்த நாளை மிச்சம் பிடிப்பவர்கள் அதைப் பின்னால் பழுது பார்ப்பதில் பல மடங்காகச் செலவழிப்பார்கள்.

மேட்டுக்கு ரெசின் அளவு எடையில் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு 900 கிராமிலிருந்து 1,125 கிராம்வரை ரெசின் குடித்து, ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் தரும். முதலில் பரப்பில் ரெசினைத் தடவி, மேட்டை அதன் மேல் படுக்க வைத்து, அடியிலிருந்து ஊறி வர ஓரிரு நிமிடம் விட வேண்டும். மேலிருந்து ஊற்றி ஊற வைத்தால் காற்று அடியில் அகப்படும். ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்ட வேண்டும். அழுத்தி அல்ல, பல தடவை. ஈரம் பட்ட மேட் என்றால் எவ்வளவு ரோலர் ஓட்டினாலும் பால்நிறம் போகாது. ரோலைப் பிளாஸ்டிக் உறையிலேயே, தரையில் படாமல் வைத்திருப்பது அதனால்தான்.

இழைத் தடம்

கழற்றிய அன்று கண்ணாடிபோல இருந்த மோல்டில், சில வாரத்தில் மேட்டின் இழைக்கோலமோ வோவன் ரோவிங்கின் (தடித்த இழைக்கட்டுகளால் நெய்த துணியின்) கட்டமோ மங்கலாக எழுந்து வரும். ஜெல்கோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கனஅளவில் 6 முதல் 8 சதவீதம் சுருங்குகிறது. கண்ணாடி இழை சுருங்காது. எனவே இழை இருக்கும் இடம் நிற்க, இழைகளுக்கு நடுவில் ரெசின் நிறைந்த இடம் உள்வாங்கும். இழைக்கட்டு எவ்வளவு பெரியதோ, முகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவு தெளிவாகத் தடம் தெரியும்.

அதனால் வோவன் ரோவிங்கை ஜெல்கோட்டிலிருந்து குறைந்தது 3 மி.மீ. மேட்டாவது தள்ளி வைக்க வேண்டும். சிறிய மோல்டுக்கு அது தேவையே இல்லை. முதல் லேயர்களுக்கு வினைல் எஸ்டர் ரெசின் போட்டால் சூட்டைத் தாங்கும் திறன் கூடும், தடமும் குறையும். அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு 450 கிராம் மேட் இரண்டு லேயர், அதிகம் போனால் மூன்று. ஒரே மூச்சில் ஆறு லேயர் ஏற்றினால் உள்சூடு ஏறி, முகம் வரை சுருக்கம் பாயும். இழைத் தடமும் கோணலும் சேர்ந்தே வரும்.

நிரப்பி சேர்த்த, சுருக்கம் குறைந்த மோல்டு ரெசின்கள் இந்த விதிக்கு விலக்கு. அவற்றுக்குச் சூடு ஏறினால்தான் சுருக்கத்தை ஈடுகட்டும் வினை நடக்கும். நான்கு லேயராவது ஒரே தடவையில் போட வேண்டும். ஒழுங்காக வேலை செய்திருந்தால் நிறம் வெளிறி வெள்ளையாகும். மெலிதாக, ஒவ்வொரு லேயராகப் போட்டுவிட்டு ரெசினைக் குறை சொல்பவர்கள் உண்டு.

தடம் வந்துவிட்ட மோல்டை உடனே தேய்ப்பது வீண் வேலை. இறுகல் முடியும்வரை சுருக்கம் தொடரும். இன்று சமன் செய்த முகத்தில் அடுத்த சூடான நாளில் தடம் மறுபடி எழும். முதலில் 50 முதல் 60 டிகிரியில் எட்டு மணி நேரமாவது சூடு கொடுத்து, வர வேண்டிய தடம் எல்லாம் வந்து முடிந்த பிறகு தேய்க்க வேண்டும். பேட்டர்ன் அந்தச் சூட்டைத் தாங்குமானால், கழற்றும் முன்பே இதைச் செய்வது இன்னும் நல்லது. சூடு கொடுக்க வழியில்லை என்றால் பேட்டர்னிலேயே ஒரு வாரம் விடுங்கள்.

கோணலும் சட்டமும்

மோல்டு, அதில் செய்யப்போகும் உருப்படியைப்போல இரண்டு மடங்காவது தடிமனாக இருக்க வேண்டும். 6 மி.மீ.க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. கோணலுக்கு முக்கியக் காரணம் சீக்கிரம் கழற்றுவது. அடுத்தது சட்டம். முதுகில் இரும்புச் சட்டத்தை நேரே ஒட்டினால் அந்தக் கோடு முகத்தில் நிழல்போல எழும்பும். லேமினேட் (மேட்டும் ரெசினும் சேர்ந்த அடுக்கு) இறுகிய பின், கழற்றும் முன், சட்டத்துக்கும் முதுகுக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் வைத்து, மேட் பட்டைகளால் கட்ட வேண்டும். வெல்டிங்கைத் தனியாக வைத்து முடித்துக்கொண்டு, சட்டம் குளிர்ந்து நெளிவு அடங்கிய பிறகு மோல்டின் மேல் வையுங்கள்.

ஒட்டிக்கொண்டால்

பேட்டர்னில் அடித்த ஒரு பாகப் (ஹார்டனர் கலக்காத) பெயிண்ட்டை ஸ்டைரீன் தின்றுவிடும்; வாக்ஸ் எத்தனை கோட் போட்டாலும் தப்பாது. பேட்டர்னுக்கு இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயிண்ட் அடித்து, ஒரு வாரம் காய விட்டு, அதன் பிறகு கார்னாபா வாக்ஸ் ஐந்தாறு கோட், கோட்டுக்குக் கோட் ஒரு மணி நேர இடைவெளி. புதிய பேட்டர்னில் பி.வி.ஏ. கட்டாயம். செங்குத்துச் சுவர்களுக்கு 2 டிகிரி சாய்வாவது இல்லாவிட்டால் எந்த வாக்ஸும் உதவாது. பட்டியில் மூடாமல் விட்ட பொடித்துளைகளுக்குள் ஜெல்கோட் இறங்கி ஆணிபோலப் பூட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கழற்ற பிளாஸ்டிக் ஆப்புகளைச் சுற்றிலும் சிறிது சிறிதாக இறக்குங்கள். கிளம்பிய இடைவெளியில் தண்ணீர் விட்டால் பி.வி.ஏ. கரைந்து வழிவிடும். முதுகில் சுத்தியலால் தட்டினால் முகத்தில் நட்சத்திர வெடிப்பு விழும். ஒரு புள்ளியிலிருந்து கீற்றுகள் பரவும் வெடிப்பைப் பார்த்தால் அது பின்னாலிருந்து விழுந்த அடி. இணைகோடுகளாக ஓடும் வெடிப்பு என்றால் மோல்டு வளைந்திருக்கிறது. தடிமனோ சட்டமோ போதவில்லை.

கேட்டலிஸ்ட் பற்றி

கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்னவற்றை எல்லாம் பார்த்த பிறகும் குறை மோல்டு முழுக்கப் பரவி இருந்தால் இதற்கு வரலாம். கேட்டலிஸ்ட்டான எம்.இ.கே.பி. ஜெல்கோட்டுக்குச் சுமார் 2 சதவீதம்: 1 கிலோவுக்கு 20 கிராம். மில்லியில் அளந்தால் 17 முதல் 18 மி.லி., ஏனென்றால் அது தண்ணீரைவிடக் கனம். வெயில் நாளில் சீக்கிரம் இறுகுகிறது என்று 1 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் ஜெல் ஆகும், முழுதாக இறுகாது. அதற்குப் பதில் சிறு சிறு டப்பாக்களாகக் கலக்க வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் போனால் வினையில் சேராத மிச்சம் உள்ளே தங்கி முகத்தை மென்மையாக்கும். 18 டிகிரிக்குக் கீழே வேலையே தொடங்காதீர்கள். குளிரைக் கேட்டலிஸ்ட்டால் ஈடுகட்ட முடியாது.

வினையை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாகச் சேர்ப்பவர்கள் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்து முடித்துவிட்டு, அதன் பிறகே எம்.இ.கே.பி.யைச் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகத் தொட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அளவுக் கோப்பையை இரண்டுக்கும் பயன்படுத்தக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் எம்.இ.கே.பி. பாட்டிலைத் திறக்கவும் கூடாது. கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் போக வேண்டும்.

சில்லும் துளையும் அடைப்பது

சிறிய குழியை அப்படியே நிரப்பினால் நிற்காது. ஓரங்களைச் சாய்வாகக் கிரைண்ட் செய்து, அடியில் உள்ள காற்றுப் பையை முழுதாகத் திறந்து, ஆழமாக இருந்தால் இழைப் பேஸ்ட்டை அடியில் வைத்து, மேலே அதே ஜெல்கோட்டைப் பரப்பைவிடச் சற்று மேடாக வையுங்கள். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேல்தோல் பிசுபிசுத்தே நிற்கும். அதனால் பாலியெஸ்டர் ஃபிலிம் துண்டு ஒன்றை மேலே போட்டு, ஓரத்தில் டேப் ஒட்டி, காற்றுக்குமிழை விரலால் தள்ளிவிடுங்கள். மறுநாள் ஃபிலிமை உரித்து, சிறு கட்டையில் சுற்றிய 400, 600, 1000, 1500 உப்புத்தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு போட்டுப் பஃப் செய்யலாம். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் ஒட்டைச் சுற்றிப் பள்ளம் விழும். ஒட்டுப் போட்ட இடத்தில் பழைய வாக்ஸ் இருக்காது. மோல்டை மறுபடி வேலைக்கு எடுக்கும் முன் அங்கே மட்டும் ஐந்தாறு கோட் வாக்ஸும், முதல் சில உருப்படிகளுக்குப் பி.வி.ஏ.வும் வேண்டும்.